கையில் மூன்று லட்சம்: வரியில்லாச் சேமிப்புக் கணக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

செட்டிநாட்டில் பணம் மொத்தமாக வந்து சேரும் வழிகள் பல. பத்துப் பங்காளிகள் சேர்ந்து பெரிய வீட்டை விற்றதில் கிடைத்த பங்கு, சிங்கப்பூர் வேலையை முடித்துவிட்டு வந்தபோது மிஞ்சியது, கடைசித் தவணை கட்டி எடுத்த சீட்டுப் பணம், சிக்ரி ஆராய்ச்சி நிலையத்திலோ அழகப்பா பல்கலைக்கழகத்திலோ ஓய்வுபெற்றவர் கடனெல்லாம் அடைத்த பிறகு மீதி நின்றது. பெரிய தொகை அல்ல. இரண்டு லட்சம், மூன்று லட்சம். இடம் வாங்கப் போதாது, சும்மா வைக்கவும் மனம் வராது. அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வரி இல்லாத கணக்கு எது?

அதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பெரும்பாலும் தவறான கணக்கில் போய் மாட்டுகிறார்கள்.

முதலில், வரி உங்களுக்கு உண்டா?

2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை. சம்பளக்காரர் என்றால் நிலைக் கழிவு 75,000 சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம். பங்கு, மனை விற்ற லாபம் மாதிரி தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பூர்வீக வீட்டுப் பங்கை விற்றவர்கள், சேமிப்பைப் பற்றி யோசிக்கும் முன் அந்த மூலதன ஆதாய வரியை ஒரு ஆடிட்டரிடம் முடித்துக்கொள்வது நல்லது.

சரி, வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால்? ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருப்பவர், பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர், ஓய்வூதியத்தில் இருப்பவர் என்று பலரும் இந்த எல்லைக்குள்தான் வருவார்கள். அவர்களுக்கு வட்டிக்கு வரி உண்டு என்று எழுதியிருக்கும் கணக்கும் உண்மையில் வரியில்லாக் கணக்குதான். வரியே வராத ஒருவர், வரி விலக்கு என்ற ஒரே காரணத்துக்காகக் குறைந்த வட்டிக்குப் பணத்தைப் பூட்டி வைப்பதில் பொருளில்லை.

இதைச் சொன்னால் ஊரில் நம்ப மறுப்பார்கள்.

"தம்பி, வரி இல்லாததுலயே போட்டுருப்பா. பின்னாடி ஆபீசு ஆபீசா யாரு அலையுறது?"

"ஆச்சி, உங்க வருமானத்துக்கு வரியே வராதே. அதுக்குப் போயி பதினஞ்சு வருசம் பூட்டி வைப்பீங்களா?"

குழப்பத்துக்குக் காரணம் டி.டி.எஸ்., அதாவது வட்டி தரும்போதே பிடிக்கும் வரி. வங்கி வைப்பு வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் (60 வயதானவர்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால்) வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டார்கள் என்பதால் அது உங்கள் மேல் விழுந்த வரி ஆகிவிடாது. 15ஜி, 15எச் என்று பெயர் பழகிப்போன உறுதிமொழிப் படிவத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். மூன்று லட்சத்துக்கு 7 சதவீதம் என்றாலும் ஆண்டு வட்டி 21,000தான். இந்தத் தொகை மட்டும் என்றால் பிடித்தம் என்ற பேச்சே எழாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தள்ளுபடியால் வரி பூஜ்யமானாலும், மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் புதிய முறையில் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

வரி கட்டுகிறவர்களுக்கோ கணக்கு வேறு. பின்னால் வரும் பி.பி.எஃப். கணக்கின் 7.1 சதவீத வரியில்லா வட்டி, 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு, வரியின் மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 8.96 சதவீத வைப்புக்குச் சமம். 30 சதவீதப் படியில் 10.3. அந்த வட்டி தரும் நல்ல வங்கி வைப்பு கிடையாது. ஆகவே அந்தப் படிகளில் இருப்பவருக்கு வரியில்லாக் கணக்கு கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியது.

நம் ஊர் வழக்கப்படி மாத வட்டியில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 7.1 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் 59 பைசா வட்டி. பின்னால் வரும் செல்வமகள் கணக்கின் 8.2 என்பது 68 பைசா. யாராவது உங்களிடம் ரெண்டு வட்டி, மூணு வட்டி தருகிறேன், வரிப் பிடித்தமும் இல்லை என்று சொன்னால், அது ஆண்டுக்கு 24, 36 சதவீதம் என்று அங்கேயே மனத்தில் போட்டுப் பாருங்கள். வரி பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று ஆகாது. கணக்கில் காட்டவில்லை என்றுதான் ஆகும். அந்த முதல் திரும்பி வராமல் போனால், வங்கி வைப்புக்கு ஆளுக்கு 5 லட்சம் வரை இருக்கும் காப்பீடும் அங்கே கிடையாது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பணம் கைக்கு வர வருடக்கணக்காகும்.

இரண்டாவது, இந்தப் பணம் எப்போது வேண்டும்?

வரியில்லாக் கணக்கின் உண்மையான விலை காலம். அரசாங்கம் வரியை விட்டுக்கொடுக்கிறது, பதிலுக்கு உங்கள் பணத்தைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்கிறது. எனவே மூன்று லட்சத்தில் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவை எடுத்து வையுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம் கிடைக்கும். அதில் தனிநபர் கணக்குக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய், கூட்டுக் கணக்குக்கு 7,000 ரூபாய் வரை வட்டிக்கு வரியே கிடையாது. நினைத்தபோது எடுக்கக்கூடிய வரியில்லாப் பணம் என்றால் இதுதான். சின்னத் தொகைக்கு நல்ல ஏற்பாடு, பலருக்குத் தெரிவதில்லை.

மூன்று நான்கு வருடத்துக்குள் வீட்டில் கல்யாணம், அறுபதுக்குச் சாந்தி என்று செலவு தெரிகிறதா? அந்தப் பணத்தை நீண்ட கால வரியில்லாக் கணக்கு எதிலும் பூட்டாதீர்கள். சாதாரண வைப்பே போதும்.

பி.பி.எஃப்.: பொறுமை இருப்பவருக்கு

மிச்சமிருப்பது நீண்ட காலப் பணம் என்றால், முதலில் பார்க்க வேண்டியது பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எஃப். 1968இல் வந்த திட்டம். இந்தியாவில் குடியிருக்கும் யாரும் திறக்கலாம், வேலை, தொழில் எதையும் கேட்பதில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும், மாறலாம். 1990களில் 12 சதவீதம் தந்த கணக்கு இது என்பதை வைத்து, 15 வருடமும் இதே வட்டிதான் என்று யாராவது எழுதித் தந்தால் நம்ப வேண்டாம்.

வட்டிக்கும் முதிர்வுக்கும் வரியில்லை. புதிய வரி முறைக்குப் போனாலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது. போனது 80சி என்று எல்லோரும் சொல்லும் முதலீட்டுக் கழிவு மட்டும்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, இனி பி.பி.எஃப்.பால் பயனில்லை என்று கணக்கை அப்படியே போட்டுவிட்டவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இதில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினாலும் நீதிமன்ற ஆணையால் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது.

மொத்தப் பணம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது தேதிக் கணக்கு. வட்டியைவிட இதில்தான் சூட்சுமம் அதிகம்.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி போய்விட்டது. ஆகவே ஆண்டுத் தொகையை ஏப்ரல் 5க்குள் போட்டால் பன்னிரண்டு மாத வட்டியும் கிடைக்கும். ஏப்ரல் 1 வங்கிகளில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, வாடிக்கையாளர் வேலை நடக்காது. சில ஆண்டுகளில் ஞாயிறும் புனித வெள்ளியும் அந்த நாள்களுக்குள்ளேயே வந்து விழும். காசோலை கொடுத்துவிட்டு வந்தால் போதாது, பணம் 5ஆம் தேதிக்குள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

அடுத்தது, மூன்று லட்சத்தை எப்படி உள்ளே கொண்டுபோவது? ஒரு நிதியாண்டுக்கு ஒன்றரை லட்சம்தானே எல்லை. மார்ச் கடைசி வாரத்தில் கணக்குத் திறந்து ஒன்றரை லட்சம், ஏப்ரல் 5க்குள் அடுத்த ஒன்றரை லட்சம். இரண்டு வாரத்துக்குள் மொத்தமும் உள்ளே போய்விடும்.

மார்ச்சில் திறப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 15 வருடத்தை, கணக்குத் திறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணுவார்கள். 2026 மார்ச்சில் திறந்தால் 2041 ஏப்ரல் 1 அன்று முதிர்வு. அதையே ஏப்ரலுக்குத் தள்ளினால் 2042 ஏப்ரல் 1. சில நாள் தாமதத்துக்கு ஒரு முழு வருடக் காத்திருப்பு! கையில் பணம் தை, மாசியில் வந்திருந்தால் நிச்சயம் மார்ச் தாண்டவிடக் கூடாது.

அப்படிப் போட்ட மூன்று லட்சம், வட்டி 7.1ஆகவே நின்றால், 15 வருடத்தில் ஏறக்குறைய 8 லட்சத்து 39 ஆயிரம் ஆகும். இடையில் பணம் வேண்டுமென்றால்? அதே மார்ச் கணக்கை வைத்துச் சொல்கிறேன். 2027 ஏப்ரல் முதல் கடன் கேட்கலாம், ஆனால் இரண்டு ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் கால் பங்குதான். முதல் முறை 37,500 ரூபாய்தான் கிடைக்கும். வட்டி ஒரு சதவீதம், 36 மாதத்தில் அடைக்க வேண்டும். 2031 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பகுதியை எடுக்கலாம். நான்காவது முந்தைய ஆண்டு முடிவின் இருப்பில் பாதி அல்லது முந்தைய ஆண்டு முடிவின் இருப்பில் பாதி, இதில் எது குறைவோ அது. நம் கணக்கில் ஏறக்குறைய 1 லட்சத்து 72 ஆயிரம். பெரிய நோய், மேற்படிப்பு, வெளிநாட்டில் குடியேறுவது போன்ற காரணங்களுக்கு ஐந்து ஆண்டுக்குப் பிறகு முழுதாக மூடலாம், ஆனால் வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துவிடுவார்கள்.

ஒருவருக்கு ஒரு கணக்குதான். வங்கியில் ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது. கூட்டுக் கணக்கு இல்லை. கூட்டுக் குடும்பத்தின் பெயரிலும் திறக்க முடியாது. கணவனும் மனைவியும் தனித்தனியாகத் திறக்கலாம். கணவன் கொடுத்த பணத்தை மனைவி தன் கணக்கில் போட்டாலும் அந்த வட்டிக்கு வரியில்லை. இப்படிச் செய்தால் மூன்று லட்சத்தையும் ஒரே நாளில் போட்டுவிடலாம். பிள்ளை பெயரில் திறந்தால், உங்கள் எல்லையும் பிள்ளையின் எல்லையும் சேர்ந்தே ஒன்றரை லட்சம்.

செல்வமகள்: பெண் குழந்தை இருந்தால்

பத்து வயதுக்குள் பெண் குழந்தை உள்ள வீட்டில் பி.பி.எஃப். பக்கம் போகும் முன் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். 2015இல் வந்தது. வட்டி 2024 ஜனவரியில் 8.2 ஆனது, இங்கே சொல்லும் வரியில்லாக் கணக்குகளில் இதுதான் மேல். ஆண்டுக்கு 250 முதல் ஒன்றரை லட்சம் வரை, 15 வருடம் கட்டலாம், திறந்த நாளிலிருந்து 21 வருடத்தில் முதிர்வு. மார்ச், ஏப்ரல் என்று இரண்டு நிதியாண்டில் போட்ட மூன்று லட்சம் இதே வட்டியில் 21 வருடத்தில் ஏறக்குறைய 15 லட்சத்து 70 ஆயிரம் ஆகும். பெண்ணுக்கு 18 வயதாகிவிட்டால் அல்லது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டால் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். 18க்குப் பிறகு கல்யாணம் என்றால் மூடிவிடலாம். குடும்பத்துக்கு இரண்டு பெண்கள் வரை. இரட்டைக் குழந்தை பிறந்தால் விதிவிலக்கு உண்டு.

வட்டிக் கடை வைத்திருந்த காலத்தில் பெண்ணின் சீதனப் பணத்தைத் தனிப் பற்று வரவாக எழுதி வட்டி ஏற்றி வந்த ஊர் இது. அந்த வழக்கத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. பணம் பெண்ணுடையது, 18 வயதுக்குப் பிறகு கணக்கை நடத்துவதும் அவள்தான் என்பதை மட்டும் பெற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

60 தாண்டியவருக்கு

இங்கே என் கருத்து கொஞ்சம் கறாரானது. வரி எல்லைக்குள் இருக்கும் மூத்தவருக்கு 15 வருடப் பூட்டு வேண்டாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2025-26இல் 8.2 சதவீதம். மூன்று லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் கைக்கு வரும். ஐந்து வருடம், 30 லட்சம் வரை போடலாம். 55 வயதுக்கு மேல் ஓய்வுபெற்றவர், ஓய்வுப்பலன் கிடைத்த மூன்று மாதத்துக்குள் என்றால் 60 வரை காத்திருக்கத் தேவையில்லை. வட்டிக்கு வரி உண்டு என்று எழுதியிருக்கும்; வருமானம் எல்லைக்குள் இருப்பவருக்கு அந்த வரி பூஜ்யம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

டாக்ஸ் சேவர் வைப்பு என்று வங்கிகள் தரும் ஐந்தாண்டு வைப்பில், பழைய முறையில் போடும்போது கழிவு உண்டு, அவ்வளவே. வட்டிக்கு முழு வரி. தேசிய சேமிப்புப் பத்திரமும் ஏறக்குறைய அந்த ரகம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, மொத்தப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வீடு தேடி வரும் ஒரே தவணைக் காப்பீட்டுப் பாலிசி. முதிர்வுத் தொகை வரியில்லை என்று சொல்வார்கள். ஆண்டு பிரிமியம், காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்த விலக்கு. மூன்று லட்சம் கட்டினால் காப்பீட்டுத் தொகை குறைந்தது 30 லட்சம் இருக்க வேண்டும். ஒரே தவணைப் பாலிசிகள் பலவற்றில் அது கட்டிய தொகையைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். அப்படியானால் முதிர்வில் கிடைக்கும் லாபத்துக்கு வரி உண்டு. முகவர் தெரிந்தவர், உறவுமுறை என்பதால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "அண்ணே, காப்பீட்டுத் தொகை எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி போதும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு

வெளிநாடு வாழ் இந்தியர் புதிதாக பி.பி.எஃப். திறக்க முடியாது. போகும் முன்பே திறந்திருந்தால் முதிர்வு வரை நடத்தலாம். அவர்களுக்கு வரியில்லா வழி என்.ஆர்.இ. வைப்புதான், வெளிநாட்டுச் சம்பாத்தியம் மட்டும் போகும், வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, ஒரு வருடத்துக்கு முன் உடைத்தால் வட்டியே இல்லை. ஊர் திரும்பிவிட்டால் வங்கியிடம் சொல்லி அதை உள்ளூர்க் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் அப்படியே ஓட்டுகிறவர்கள் பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அனுப்பும் பணம் பெற்றோருக்குத் தரும் அன்பளிப்பு, அதற்கு வரியில்லை. அவர் தன் பெயரில் எந்தக் கணக்கிலும் போடலாம்.

எங்கே, எப்படித் திறப்பது

காரைக்குடி தலைமை அஞ்சலகத்திலும் உங்கள் ஊர் அஞ்சலகத்திலும், பொதுத்துறை வங்கிகளிலும், சில தனியார் வங்கிகளிலும் இந்தக் கணக்குகள் உண்டு. வட்டி எங்கும் ஒன்றே, பொறுப்பு மத்திய அரசுடையது. ஆகவே நம்பிக்கை என்ற கேள்வி இல்லை, வசதிதான் கேள்வி. 1937 பிப்ரவரி 10 அன்று கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தது. இங்கே வங்கிக்குப் பஞ்சமில்லை. மொபைலில் பணம் அனுப்பப் பழகியவருக்கு வங்கி. வரிசையில் நிற்கத் தயங்காத, பாஸ்புக்கில் முத்திரை பார்த்தால்தான் தூங்குவேன் என்கிறவருக்கு அஞ்சலகம். பிறகு மாற்ற வேண்டுமென்றால் பி.பி.எஃப்.ஐ அங்கிருந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம், வருடக் கணக்கு அறுபடாது.

ஆதார், பான், புகைப்படம், திறப்புப் படிவம் இவ்வளவுதான். ஆதாரிலும் பானிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். தலைப்பெழுத்துகள் வரிசையாக உள்ள நம் ஊர்ப் பெயர்களில் ஒன்றில் விரித்து எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் சுருக்கியிருப்பார்கள். மார்ச் கடைசி வாரத்தில் அதைத் திருத்திக்கொண்டிருக்க நேரமிருக்காது. பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோகாமல் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றுங்கள், எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே பதிவு. நாமினி இடத்தைக் காலியாக விடாதீர்கள். நான்கு பேர் வரை பங்கு குறித்து எழுதலாம்.

திறந்த பிறகு ஆண்டுக்கு 500 ரூபாய் போட மறந்தால் பி.பி.எஃப். முடங்கிவிடும். வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கடனும் இடைப்பணமும் கிடைக்காது. விட்டுப்போன ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டி உயிர்ப்பிக்கலாம். 15 வருடம் முடிந்ததும் பணத்தை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. எதுவும் எழுதித் தராவிட்டால் புதிதாகப் பணம் போட முடியாது, இருப்புக்கு வரியில்லா வட்டி மட்டும் தொடரும். தொடர்ந்து போட விரும்பினால் முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுக்க வேண்டும், ஐந்தைந்து வருடமாக நீளும். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு மறுபடி வராது.